வாசித்தது போதும் பிள்ளைகளே, எழுதிப் பாருங்கள்

பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியான பின்னர் ஒரே கேள்வியுடன் என் வீட்டுக்கு வந்த நான்காவது தாய் அவர். மலையிலிருந்து நேரே வந்திருந்தார். கொழுந்து எடுக்கும்போது தலையில் கட்டியிருந்த துணியைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை. பக்கத்தில் அவருடைய மகள் ஒரு கனத்த பையைச் சுமந்துகொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள். "புள்ள ராவு ரெண்டு மணி வரைக்கும் லைட்ட போட்டுக்கிட்டுப் படிச்சிச்சே டீச்சர், பொறகு ஏன் இப்புடி வந்திச்சி?" என்று கேட்டார். இரண்டு பாடங்களில் 'எஸ்' எனப்படும் சாதாரண சித்தி. நான் கற்பிக்கும் இரசாயனவியலில் சித்தியில்லை.

பையில் 16 கொப்பிகள் இருந்தன. தலைப்புகள் சிவப்பிலும் உபதலைப்புகள் பச்சையிலும் எழுதப்பட்டு, வரைபடங்கள் அடிமட்டம் வைத்து வரையப்பட்டு, முக்கியமான வரிகளுக்கு மஞ்சள் நிறம் பூசப்பட்டிருந்தன. 22 வருட ஆசிரியப் பணியில் அவ்வளவு நேர்த்தியான கொப்பிகளை நான் அதிகம் கண்டதில்லை. கடந்தகால வினாத்தாள்களை நேரம் வைத்து எழுதினாயா என்று கேட்டேன். "பார்த்தேன் டீச்சர்" என்றாள். எழுதினாயா என்று மறுபடியும் கேட்டேன். "விடையோட புத்தகம் வாங்கிப் பார்த்தேன் டீச்சர். எல்லாம் விளங்கிச்சி." இரண்டு வருடங்களில் மூன்று மணித்தியாலங்கள் ஒரே இடத்தில் அமர்ந்து ஒரு முழு வினாத்தாளைக்கூட அவள் எழுதி முடித்ததில்லை. அவளுக்கு முன் வந்த மூன்று பிள்ளைகளும் இதே 'பார்த்தேன்' என்ற சொல்லைத்தான் சொன்னார்கள். இந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபமும் துக்கமும் சேர்ந்தே வருகின்றன. ஏனென்றால் இந்தப் பிள்ளைகளில் ஒருவரும் சோம்பேறியல்லர். அவர்கள் பட்ட பாட்டில் பாதியைச் சரியான இடத்தில் பட்டிருந்தால், அந்தத் தாய் அரைநாள் சம்பளத்தை விட்டு என்னிடம் வந்து நிற்க நேர்ந்திருக்காது.

ஆகவே, இவ்வருடம் பரீட்சைக்குத் தோற்றவிருக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் ஒரு விடயத்தைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். வாசிக்கும்போது ஒரு பாடம் விளங்குவதும், வினாவைக் கண்டவுடன் அதற்குரிய விடை நம்மிடமிருந்து வெளிவருவதும் இரண்டு வேறு திறன்கள். முதலாவது இருந்தால் இரண்டாவதும் இருக்கும் என்று நம்புவதுதான் நம் பிள்ளைகளை ஆண்டுதோறும் ஏமாற்றுகிறது. ஒரு கொப்பியை நான்காவது முறை வாசிக்கும்போது ஒவ்வொரு வரியும் பழகிய முகம்போலத் தெரியும். அடுத்த பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதுகூட நினைவுக்கு வரும். அந்தப் பழக்கத்தைப் பிள்ளை அறிவு என்று எடுத்துக்கொள்கிறது. பரீட்சை மண்டபத்திலோ கொப்பி இல்லை, மஞ்சள் நிறம் பூசிய வரி இல்லை, தொடக்கத்தை எடுத்துக்கொடுக்கத் தலைப்பும் இல்லை. வெறும் வினாவும் கோடிட்ட வெற்றிடமும் மட்டுமே இருக்கின்றன. அந்த வெற்றிடத்தின் முன் உட்காரும் பழக்கம் இல்லாத பிள்ளைக்கு, தெரிந்ததும் வராமற் போகிறது.

நம் தோட்டத்துப் பிள்ளைகளிடம் இதை நான் கொழுந்தை வைத்தே சொல்வதுண்டு. நீங்கள் பிறந்த நாளிலிருந்து அம்மா கொழுந்து எடுப்பதைப் பார்த்து வருகிறீர்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் எப்படி இருக்கும், எந்த இலை முற்றியது, விரல் எங்கே வளைகிறது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனால் பதினேழு வருடங்கள் பார்த்த பிள்ளை முதன்முதலாக மலையில் இறங்கிப் பறித்தால், மாலையில் தராசில் வைக்கும்போது அரைப் பேருக்குரிய, அதாவது அரைநாள் சம்பளத்துக்குரிய, கொழுந்துகூடத் தேறாது. அதைக் கேட்கும்போது பிள்ளைகள் உடனே தலையசைக்கிறார்கள். விடுமுறையில் தாய்க்கு உதவப் போன பிள்ளைகளுக்கு அந்த அனுபவம் இருக்கிறது. அதே பிள்ளைகள் மறுவாரம் வந்து வினாத்தாளைப் 'பார்த்தேன்' என்று சொல்லும்போதுதான் நான் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வருகிறேன்.

இது ஓர் ஆசிரியையின் தனிப்பட்ட அபிப்பிராயம் என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இரு உளவியலாளர்கள் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒரே பந்தியை ஒரு குழுவினர் நான்கு சுற்றுகளிலும் வாசித்தார்கள். மற்றொரு குழுவினர் ஒரு சுற்றில் மாத்திரம் வாசித்துவிட்டு, மூடிவைத்து, நினைவிலிருந்ததை மூன்று தடவை எழுதினார்கள். ஐந்து நிமிடங்களின் பின்னர் சோதித்தபோது திரும்பத் திரும்ப வாசித்தவர்களே முன்னிலையில் இருந்தார்கள். ஒரு வாரத்தின் பின்னர் சோதித்தபோது, வாசித்தவர்களுக்கு ஏறத்தாழ 40 வீதமும் எழுதியவர்களுக்கு ஏறத்தாழ 61 வீதமும் நினைவில் இருந்தன. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் வாசித்த குழுவினரே. இரவு இரண்டு மணிக்குக் கொப்பியை மூடும்போது அந்தப் பிள்ளையின் மனதில் இருக்கும் நிறைவு உண்மையானதுதான். ஆனால் மறுவாரம் அந்தப் பாடம் அவ்விடத்தில் இருப்பதில்லை.

விடைத்தாளைத் திருத்துபவரின் பக்கத்திலிருந்தும் இதைப் பாருங்கள். புள்ளியிடும் திட்டம் ஒவ்வொரு விடையையும் சிறு சிறு கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் இத்தனை புள்ளி என்று வைத்திருக்கிறது. பிள்ளைக்கு மனதுக்குள் விளங்கியிருக்கலாம் என்பதற்காக எந்த மதிப்பீட்டாளரும் புள்ளி வழங்க முடியாது. அலுமினியத்தின் முதலாம் அயனாக்கற் சக்தி மகனீசியத்தினதை விடக் குறைவாக இருப்பது ஏன் என்று கேட்டால், "மகனீசியம் உறுதியானது" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போகும் பிள்ளைகள் ஏராளம். மகனீசியத்தில் இலத்திரன் முழுமையாக நிரம்பிய 3எஸ் மட்டத்திலிருந்து அகற்றப்படுகிறது என்பதையும், அலுமினியத்தில் அது சக்தி கூடிய 3பி மட்டத்திலிருந்து அகற்றப்படுகிறது என்பதையும், ஆகவே பின்னதற்குக் குறைந்த சக்தி போதுமானது என்பதையும் அந்தப் பிள்ளையிடம் வாய்மொழியாகக் கேட்டால் சொல்லிவிடும். எழுதிப் பழகாத காரணத்தால் எவ்வளவு எழுதினால் விடை நிறைவடைகிறது என்பது அதற்குத் தெரியவில்லை. அலகை விட்டுவிடுவது, சமன்பாட்டில் பௌதிக நிலையை எழுதாமல் விடுவது, கணிப்பின் இடைப்படிகளைத் தாவிச் செல்வது ஆகிய எல்லாமே இந்த வகையைச் சேர்ந்த இழப்புகள். வாசிப்பதால் இவை ஒருபோதும் திருந்துவதில்லை. சிவப்பு மையால் ஒருவர் திருத்திக் கொடுத்த விடைத்தாளைக் கையில் வாங்கும்போதே திருந்துகின்றன.

கலைப் பிரிவிலும் வர்த்தகப் பிரிவிலும் படிக்கும் பிள்ளைகள் இது விஞ்ஞான மாணவர்களுக்கான பேச்சு என்று தாண்டிச் செல்ல வேண்டாம். அரசறிவியலோ புவியியலோ எழுதும் பிள்ளைகளிடம் இந்த நோய் இன்னும் கடுமையாக இருக்கிறது. அங்கே பக்கம் நிரப்பினால் புள்ளி வரும் என்ற இன்னொரு தவறான நம்பிக்கையும் சேர்ந்துகொள்கிறது. "விளக்குக" என்பதும் "ஒப்பிடுக" என்பதும் "மதிப்பிடுக" என்பதும் வெவ்வேறு கட்டளைகள். மூன்றுக்கும் ஒரே மனனக் கட்டுரையை எழுதி வைத்தால், திருத்துபவர் வினாவுக்குரிய பகுதியைத் தேடித் தேடி இரண்டு மூன்று புள்ளிகளுடன் நிறுத்திக்கொள்ள வேண்டியதாகிறது.

அப்படியானால் என்ன செய்வது? ஓர் அலகைப் படித்து முடித்த அன்றே கொப்பியை மூடிவைத்துவிட்டு, ஒரு வெள்ளைத்தாளில் அந்த அலகிலிருந்து நினைவுக்கு வருவதையெல்லாம் எழுதுங்கள். பிறகு கொப்பியைத் திறந்து, விடுபட்டதை வேறு நிறப் பேனையால் சேருங்கள். அந்த வேறு நிறம்தான் நீங்கள் இன்னும் படிக்க வேண்டிய பகுதி. மீதியைத் திரும்ப வாசித்து நேரத்தைக் கழிக்காதீர்கள். நான்கைந்து நாட்கள் கழித்து அதே அலகின் கடந்தகால வினாக்களை, விடையைப் பார்க்காமல், நேரம் குறித்து எழுதுங்கள். எழுதி முடித்த பின்னரே புள்ளியிடும் திட்டத்தைத் திறக்க வேண்டும். இடையில் ஒரு கண் பார்த்துக்கொள்வது வினாத்தாளை வீணாக்குவதற்குச் சமம். அந்த வினா இனி உங்களைச் சோதிக்காது. பிழைத்தவற்றைத் தனியாக ஒரு பிழைக் கொப்பியில், ஏன் பிழைத்தது என்ற ஒரு வரியுடன் எழுதி வையுங்கள். பரீட்சைக்கு முந்திய வாரத்தில் அந்த 16 கொப்பிகளையும் புரட்ட ஒருவராலும் முடியாது. பிழைக் கொப்பி ஒன்றை இரண்டு மாலைகளில் முடித்துவிடலாம்.

பரீட்சைக்கு முன்னுள்ள மூன்று மாதங்களில் முழு வினாத்தாள்களுக்கு மாறிவிட வேண்டும். இரசாயனவியலில் முதலாம் வினாத்தாளில் 50 பல்தேர்வு வினாக்களுக்கு இரண்டு மணித்தியாலங்கள். அதாவது வினா ஒன்றுக்கு இரண்டரை நிமிடங்கள்கூட இல்லை. பிழையான விடைக்குப் புள்ளி குறைக்கப்படுவதில்லை என்பதால், ஒரு வினாவையேனும் வெறுமையாக விட்டுவிட்டு வெளியே வருவதற்கு எந்த நியாயமும் கிடையாது. 31 முதல் 40 வரையுள்ள வினாக்களும் 41 முதல் 50 வரையுள்ள வினாக்களும் வேறு வேறு அறிவுறுத்தல் அட்டவணைகளைக் கொண்டவை; அவற்றை மண்டபத்தில் முதன்முதலாக வாசித்து விளங்கிக்கொள்ள முயல்வது பெரும் பிழை. இரண்டாம் வினாத்தாளில் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்துக் கேட்கப்படும் நான்கு அமைப்புக் கட்டுரை வினாக்களும் நான்கு கட்டுரை வினாக்களுமாக எட்டு வினாக்களுக்கு மூன்று மணித்தியாலங்கள். அதற்கு முன் பத்து நிமிட மேலதிக வாசிப்பு நேரமும் உண்டு. அமைப்புக் கட்டுரைக்கும் கட்டுரைக்கும் உரிய புள்ளிகள் இரண்டுக்கு மூன்று என்ற விகிதத்தில் இருப்பதால், முன்னதற்கு 18 நிமிடங்களும் பின்னதற்கு 27 நிமிடங்களும் என்று பிரித்துக்கொள்வதே பொருத்தமான கணக்கு. ஒரே வினாவுக்கு 45 நிமிடங்களைக் கொடுத்துவிட்டுக் கடைசி வினாவைத் தொடாமல் வரும் பிள்ளைக்கு, பாடம் தெரியாமற் போகவில்லை. கடிகாரத்தோடு பழக்கம் இல்லாமற் போயிற்று. அந்தப் பத்து நிமிட வாசிப்பு நேரத்தில் எந்தக் கட்டுரை வினாக்களைத் தெரிவது என்று முடிவெடுப்பதையும் வீட்டிலேயே பழக வேண்டும்.

இரசாயனவியலிலும் பௌதிகவியலிலும் கணிப்பானுக்கு அனுமதி இல்லை. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்றாலும், வீட்டில் கைத்தொலைபேசியில் பெருக்கிப் பிரித்துப் பழகிய பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் மண்டபத்தில் தசமத்தோடு போராடுகிறார்கள். வீட்டிலும் கையாலேயே கணியுங்கள்.

கைத்தொலைபேசி என்றதும் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பகுதியில் சில பாடங்களுக்கு ஆசிரியர் கிடைப்பதே அரிது. அதனால் பிள்ளைகள் யூடியூப்பில் படிப்பதை நான் குறை சொல்லமாட்டேன். தமிழ்நாட்டு ஆசிரியர்களின் காணொளிகள் பலவும் தரமானவை. ஆனால் அங்கே வழங்கும் கலைச்சொற்களும் நமது வினாத்தாளில் வரும் கலைச்சொற்களும் ஒன்றல்ல என்பதைப் பிள்ளைக்கு யாரும் எச்சரிப்பதில்லை. அங்கே 'வினை' என்பது இங்கே 'தாக்கம்'. அங்கே 'வினையூக்கி' இங்கே 'ஊக்கி'. அங்கே 'என்தால்பி' இங்கே 'வெப்பவுள்ளுறை'. உயிரியலில் 'திசு' இங்கே 'இழையம்', 'ஒளிச்சேர்க்கை' இங்கே 'ஒளித்தொகுப்பு'. இவையாவது வேறு சொற்கள் என்பதால் பிள்ளை நின்று யோசிக்கும். பௌதிகவியலில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது: நமது பாடத்திட்டத்தில் 'வேகம்' என்பது திசையுடைய கணியம், திசையில்லாததைக் 'கதி' என்கிறோம், அங்கேயோ திசையில்லாததைத்தான் 'வேகம்' என்கிறார்கள், திசையுடையதற்குத் 'திசைவேகம்' என்று பெயர். ஒரே சொல் இரண்டு பொருளில் வரும்போது பிள்ளை பிழையாக விளங்கிக்கொண்டதை அதுவே அறியாது. ஆர்முடுகலை முடுக்கம் என்று எழுதி வந்த ஒரு மாணவனை நான் திருத்தியபோது, இரண்டும் வெவ்வேறு விடயங்கள் என்று அவன் ஆறு மாதங்களாக நம்பியிருந்தது தெரியவந்தது. காணொளியைப் பாருங்கள், ஆனால் தேசிய கல்வி நிறுவகத்தின் பாடத்திட்டத்தையும் ஆசிரியர் வழிகாட்டியையும் வள நூலையும் அருகில் வைத்துக்கொண்டு, சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டுப் பாருங்கள். அவை அந்நிறுவகத்தின் இணையத்தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பரீட்சைத் திணைக்களம் பாடவாரியாக வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கைகளையும் தேடி வாசியுங்கள். எந்த வினாவில் பிள்ளைகள் எங்கே தவறினார்கள் என்பதை மதிப்பீட்டாளர்களே அதில் எழுதியிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கில் பணம் வாங்கும் கருத்தரங்குகளில் சொல்லப்படுவதைக் காட்டிலும் அதில் பயன் அதிகம்.

'இந்த முறை இதுதான் வரும்' என்று வாட்ஸப்பில் சுற்றும் தாள்களை அழித்துவிடுங்கள். பரீட்சை நெருங்கும் நாட்களில் வகுப்புகளையும் ஊக வினாத்தாள்களையும் பரீட்சைத் திணைக்களமே தடை செய்கிறது. இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை.

அடுத்ததாக, என்னைப் பெரிதும் வருத்தும் ஒரு பேச்சு: "நாங்க நுவரெலியா மாவட்டம்தானே டீச்சர், எங்களுக்குக் கொறைய எடுத்தாலும் போதும்." இதைப் பிள்ளைகள் மட்டுமல்ல, சில பெரியவர்களும் சொல்கிறார்கள். பல்கலைக்கழக அனுமதி 2001ஆம் ஆண்டு முதல் இசட் புள்ளியின் அடிப்படையில் நடைபெறுகிறது. பொதுவான முறைப்படி அனுமதிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை வரிசையிலும், 55 வீதம் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதப்படியும், 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் வழங்கப்படுகின்றன. நுவரெலியா, பதுளை, மொனராகலை, இரத்தினபுரி ஆகியவை அந்தப் பதினாறில் அடங்குகின்றன. கண்டி, மாத்தளை, கேகாலை ஆகியவை அடங்கவில்லை. இதிலிருந்து 'குறைய எடுத்தால் போதும்' என்ற முடிவுக்கு வருபவர்கள் இரண்டு விடயங்களை மறக்கிறார்கள். முதலாவது, இசட் புள்ளி என்பது அந்தப் பாடத்துக்குத் தோற்றிய நாடளாவிய பரீட்சார்த்திகளின் சராசரியிலிருந்து நீங்கள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள் என்பதைக் காட்டும் அளவு. உங்கள் தோட்டத்திலோ பாடசாலையிலோ முதலாவதாக வந்தது அதில் கணக்கில்லை. இரண்டாவது, மாவட்டத்துக்குரிய இடங்களுக்கு அந்த மாவட்டத்தின் எல்லா மொழிமூல மாணவர்களும், நல்ல ஆய்வுகூடங்களும் போதிய ஆசிரியர்களும் உள்ள நகரப் பாடசாலை மாணவர்களும் உட்பட, ஒரே வரிசையில் நின்று போட்டியிடுகிறார்கள். வெட்டுப்புள்ளிக்கு ஒரு சிறு தசமம் குறைந்ததால் மருத்துவபீடத்தைத் தவறவிட்ட மாணவியை நான் தேற்றியிருக்கிறேன். அந்தத் தசமம் ஓர் அமைப்புக் கட்டுரை வினாவில் அவள் எழுதாமல் விட்ட இரண்டு வரிகளாக இருந்திருக்கலாம். குறைவாகப் போதும் என்ற எண்ணத்துடன் தயாராகும் பிள்ளை அந்தக் குறைவையும் எட்டுவதில்லை.

மூன்று பாடங்களிலும் கவனம் செலுத்திவிட்டு, உயர்தரத்தோடு சேர்த்து எழுதும் பொது வினாத்தாளான பொதுச் சாதாரண பரீட்சையை அலட்சியம் செய்ய வேண்டாம். அதில் 30 புள்ளிகளைப் பெறாவிட்டால் இசட் புள்ளி எவ்வளவு உயர்ந்திருந்தாலும் பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதியில்லை.

இனிப் பெற்றோரிடம் சில வார்த்தைகள். நீங்கள் படும் பாட்டை அறியாமல் இதை நான் எழுதவில்லை. நானும் பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டின் ஒற்றை அறையில்), தம்பிமார் தூங்கிய பின்னர் அடுப்படியில் உட்கார்ந்து படித்தவள்தான். விளக்கு எரியும் நேரத்தை வைத்துப் பிள்ளையின் படிப்பை அளக்காதீர்கள். இரவு இரண்டு மணிவரை விழித்திருந்து, காலை ஐந்து மணிக்கு எழுந்து, ஆறு மணி பஸ்ஸைப் பிடித்து வரும் பிள்ளை முதலாம் பாடவேளையிலேயே தூங்கி விழுகிறது. பகலில் வகுப்பில் இழந்ததை மறுபடியும் இரவில் தேடுகிறது. இப்படியே இரண்டு வருடங்கள் போகின்றன. ஏழு மணித்தியால உறக்கத்தைக் குறைத்துப் படிக்கச் சொல்லும் எவருடைய பேச்சையும் கேட்க வேண்டாம். பிள்ளையிடம் "எவ்வளவு நேரம் படிச்ச?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "இன்னைக்கு எழுதினதக் காட்டு" என்று கேளுங்கள். உங்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. எழுதிய தாள் இருக்கிறதா இல்லையா என்பதைக் கண்ணால் காணலாம்.

குறிப்பாகப் பெண் பிள்ளைகளின் பெற்றோரிடம் கெஞ்சிக் கேட்கிறேன். தாய் காலையிலேயே மலைக்குப் போய்விடுகிறபோது சமையலும், தண்ணீர் எடுப்பதும், தம்பி தங்கையைப் பார்ப்பதும் மூத்த பெண்ணின் தலையில் விழுகின்றன. ஆண் பிள்ளைக்கு வினாத்தாள் எழுத ஞாயிற்றுக்கிழமை கிடைக்கிறது. பெண் பிள்ளைக்கு அன்றுதான் முழு வீட்டு உடுப்பும் துவைக்கக் கிடக்கிறது. வாரத்தில் ஒரே ஒரு நாள், மூன்று மணித்தியாலங்கள், யாரும் கூப்பிடாமல் அவளை உட்கார விடுங்கள். வீட்டில் இடமில்லையென்றால் கோவில் மண்டபத்திலோ தோட்டத்து வாசிகசாலையிலோ பாடசாலையிலோ ஒரு மேசையைக் கேட்டுப் பெறுங்கள். சனிக்கிழமை காலையில் ஒரு வகுப்பறையைத் திறந்து வைக்குமாறு அதிபர்களிடம் நாங்களும் கேட்டு வருகிறோம்.

காலநிலையைப் பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. பரீட்சை நவம்பர் மாதத்தில் நடந்த வருடங்களில் மழையும் மண்சரிவும் அதனுடன் சேர்ந்தே வந்தன. 2024 நவம்பர் இறுதியில் சீரற்ற காலநிலையால் பரீட்சை சில நாட்கள் இடைநிறுத்தப்பட்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலினால் மலைநாட்டில் ஏற்பட்ட பேரழிவின்போது நிறுத்தப்பட்டு, எஞ்சிய பாடங்கள் 2026 ஜனவரியில் நடத்தப்பட்டன. ஆகவே, பாதை தடைப்படக்கூடிய தோட்டங்களில் இருப்பவர்கள் பரீட்சை நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள மாமா வீட்டிலோ பெரியம்மா வீட்டிலோ தங்குவதற்கு முன்கூட்டியே ஒழுங்கு செய்யுங்கள். அனுமதி அட்டை, அடையாள அட்டை, பேனைகள் ஆகியவற்றை நீர் புகாத உறையில் வையுங்கள். மண்சரிவு எச்சரிக்கை விடுக்கப்பட்டால் கொப்பியைத் தேடாமல் உயிரைக் காப்பாற்றிக்கொண்டு வெளியேறுங்கள். பரீட்சையைப் பிறகு எழுதலாம். பரீட்சை தள்ளிப்போனால், அறிவிப்பு வரும் வரை வெறுமனே காத்திருக்காமல் எஞ்சிய பாடங்களின் வினாத்தாள்களைத் தொடர்ந்து எழுதுங்கள். அடையாள அட்டையில் பெயர் பிழையாக இருப்பதைப் பரீட்சைக்கு முதல் வாரம் கண்டுபிடித்து ஓடி வரும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் பரீட்சை விண்ணப்பத்தையும் இன்றைக்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

16 கொப்பிகளுடன் வந்த அந்தப் பிள்ளை இப்போது இரண்டாம் தடவைக்குத் தயாராகிறாள். கொப்பிகளை வீட்டிலேயே வைத்துவிட்டு வரும்படி சொன்னேன். முதல் சனிக்கிழமை மூன்று மணித்தியாலங்களில் மூன்று வினாக்களைத்தான் அவளால் எழுத முடிந்தது. எழுதும்போது கை நடுங்கியதாகச் சொன்னாள். ஏழாவது சனிக்கிழமை ஏழு வினாக்களை எழுதியிருந்தாள், பிழைகளோடு. அந்தப் பிழைகளைத் திருத்த எனக்கு ஒன்றரை மணித்தியாலம் பிடிக்கிறது. என்னிடம் இப்போது இப்படிப் பதினொரு பிள்ளைகள் வருகிறார்கள். இதற்கு மேல் ஒருவரைச் சேர்த்துக்கொண்டாலும் யாருக்கும் ஒழுங்காகத் திருத்திக் கொடுக்க என்னால் இயலாது.

எனவே மலையகத்திலிருந்து பல்கலைக்கழகங்களுக்கும் கல்வியியற் கல்லூரிகளுக்கும் சென்றிருக்கும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன். விடுமுறையில் ஊருக்கு வரும்போது கருத்தரங்கு நடத்துகிறீர்கள். நல்லதுதான், அதற்கு மண்டபம் நிறையப் பிள்ளைகள் வருகிறார்கள். அதற்குப் பதிலாக ஒவ்வொருவரும் உங்கள் தோட்டத்திலிருந்து இரண்டே இரண்டு பிள்ளைகளைப் பொறுப்பெடுத்து, வாரம் ஒரு விடைத்தாளை அவர்கள் படம் எடுத்து அனுப்பச் செய்து, சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்ப முடியுமா? புள்ளியிடும் திட்டம் உங்களிடம் இல்லாவிட்டால் உங்கள் பழைய பாட ஆசிரியரிடம் கேளுங்கள். இரசாயனவியலுக்கு உரியவற்றை நானே தருகிறேன்.